கனகவல்லியின் பித்தக்குழாயும் குடிகாரர் விதியும்

3.8.1992 – தோல் டாக்டர், களிம்பு – ரூ. 46
19.10.1992 – காமாலைக்குப் பச்சிலை – ரூ. 12
27.1.1993 – ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்த பரிசோதனை – ரூ. 1,850
8.2.1993 – ஒரு மாத மாத்திரை – ரூ. 1,140

தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கனகவல்லிக்கு உடம்பெங்கும் அரிப்பு. ஈரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவருவதாகப் பெரிய டாக்டர் கண்டுபிடித்தார். நோயின் பெயர் நீளம். கடைசிச் சொல் சிரோசிஸ். அவள் குடியிருந்த செம்பாக்கத்துக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டுந்தான் தெரியும். அதுவும் சாராயத்தோடு சேர்த்துத்தான்.

அவள் வாழ்நாளில் குடித்ததில் மிக வீரியமானது இருமல் மருந்து. கணவன் அப்பாதுரையோ திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வேலை விட்டதும் நேரே கடைக்குப் போகிறவன். அவன் ஈரலுக்கு ஒரு குறையுமில்லை.

"இன்னா மச்சான், குட்சது நீ, பில்லு தங்கச்சி பேர்ல வந்துகீது?" என்றான் கூட்டாளி ஜெயவேலு.

"சும்மா இருடா. அவளே பேஜாராகீறா" என்று சொல்லிவிட்டு அப்பாதுரை தன் கிளாஸை நிரப்பிக்கொண்டான்.

பாதிச் சம்பளம் மாத்திரைக்கே போயிற்று. அலுவலகம் பணத்தைத் திருப்பித் தந்தால்தான் தொடர முடியும். விண்ணப்பம் திரும்பி வந்தது: குடியால் வரும் நோய்க்குத் தொகை கிடையாது.

டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நடுவயதுப் பெண்களுக்கே அதிகம். இங்கிலாந்தில் சில ஆயிரம் பெண்களில் ஒருத்திக்கு உண்டு.

கண்காணிப்பாளர் தோத்தாத்ரி அதை இரண்டு முறை படித்தார்.

"இங்கிலாந்துக் கணக்கு சரிம்மா. இந்தியாவுல எத்தனை பேருக்கு?"

"யாரும் எண்ணலையாம் சார்."

"ஏன்?"

"இங்க அபூர்வமாம். அதனால யாருக்கும் டெஸ்ட் பண்றதில்லையாம்."

"அபூர்வம்னு எப்படித் தெரியும்?"

"யாருக்கும் கண்டுபிடிக்கலையே சார்."

தோத்தாத்ரி பேனாவை மூடினார். "அப்ப இல்லாத வியாதிக்கு எப்படிம்மா சாங்ஷன் பண்றது?"

"சொறிஞ்சுகிட்டு உங்க முன்னாடிதானே சார் நிக்கறேன். என்னை ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

"ஒண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆகாதும்மா."

ஆனாலும் கோப்பை மேலே அனுப்பினார். கனகவல்லி மாத்திரையை இரண்டாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். மேலிடம் மருத்துவத்துக்குள் போகவில்லை. விதிப்புத்தகத்தை மட்டும் புரட்டியது.

"பெண் ஊழியர் குடிப்பது பற்றி விதிகளில் எங்கும் குறிப்பு இல்லாமையால், மேற்படி நோய் குடியால் வந்ததன்று என ஏற்று, தொகை அனுமதிக்கப்படுகிறது."

இந்தக் கடிதம் வந்த தேதி 14.3.1994.