நடுகல்லில் ஒரு குடைக்காரர்

ஜூலை 12, சனிக்கிழமை. காலை 7.40. மழை வருவது போன்ற வானம் — வரவில்லை. ஆனாலும் குடையை விரித்துத்தான் வைத்திருந்தேன்.

இடம், கோவில்பதாகைப் பக்கம் ஓர் ஏரிக்கரை. மார்பளவு உயரத்தில் அங்கே ஒரு நடுகல். போரில் இறந்த ஒரு வீரனுக்காக எந்தக் காலத்திலோ நட்டது. எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் ஓவிய ஆசிரியை மாலதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரை அழைத்து வந்திருந்தார். நான் எதற்கு? பிள்ளைகளை எண்ணுவதற்கு. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடும் பைத்தியம் எனக்கு.

கல்லைச் சுற்றிச் சுற்றி மொபைலில் படமெடுத்தால், அத்தனையையும் சேர்த்து ஒரு ஆப் முப்பரிமாணச் சிற்பமாக்கிவிடுமாம். திங்கட்கிழமை தலைமையாசிரியை பார்ப்பார். பிடிக்காவிட்டால் வாரத்தின் ஒரே ஓவிய பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். மாலதிக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

என்னையும் கவலை தொற்றிக்கொண்டது. ஒரு படம் குறைந்தால்? கல்லுக்குப் பின்னால், குடையோடு, அசையாமல் நின்று எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கு.

மாலையில் மாலதி மொபைலோடு வந்து நின்றார். திரையில் வீரன் இருந்தான். அவன் பின்னால் குடை பிடித்தபடி... நான்!

"சார், ஓடிக்கிட்டே இருந்த பசங்க ஒருத்தரும் படத்துல விழல. நீங்க ஆடாம நின்னீங்களா... உங்களையும் கல்லுன்னு எடுத்துக்கிச்சு."

மறுபடி எடுக்கலாமென்றால் ஞாயிறு முழுக்க மழை. எண்ணக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் காலை, பழியை ஏற்க நானும் பள்ளிக்குப் போனேன். வகுப்பின் பெரிய திரையில் தலைமையாசிரியை சிற்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் குடைக்காரர் எந்தக் காலம்?"

மாலதி பதில் சொல்வதற்குள், பின்வரிசையில் சரண்யா என்ற பெண் எழுந்தாள்.

"மிஸ், பெரிய வீரன்னா பக்கத்துல குடை செதுக்குறது உண்டு. ஆனா இது டூப்பு. வீரன் மூக்கு மழையில தேஞ்சு போச்சு. இவரு மூக்கு அப்படியே இருக்கு. பாக்கெட்டுல பேனா வேற!"

"தாத்தா கல்லாயிக்கீறாரு மாமே!" — பக்கத்துப் பையனிடம் ஒருவன் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "எது பழசு, எது புதுசுன்னு கண்ணால பாத்துச் சொல்றாளே! பீரியட் இருக்கட்டும் மாலதி. இந்தப் படத்தை அழிச்சிடாதீங்க."

எழுபத்து மூன்று வயதில் ஒன்று புரிந்தது. ஓடுகிறவர்களை இயந்திரம் விட்டுவிடுகிறது. ஒரே இடத்தில் நிற்கிறவனைத்தான் பழம்பொருளில் சேர்த்துவிடுகிறது.

பிள்ளைகள் பதினொன்று, ஆசிரியைகள் இரண்டு, சிலை ஒன்று — ஆளுக்கொரு முட்டை பப்ஸ், என் செலவில். மொத்தம் முந்நூற்று ஐம்பது ரூபாய்.