அண்ணி பெயர்த்த படிக்கல்

அந்தத் தெருவுக்கே அவள் தையல்காரியக்கா. முன்னறைதான் கடை, கடைதான் பிழைப்பு. தார் போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போக, அவள் வீட்டு வாசல் பள்ளமாகிக்கொண்டே வந்தது. மழை பெய்தால் சாக்கடை, சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி, கேட்காமலே உள்ளே வந்துவிடும். போன மழையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகள் மொத்தமும் நனைந்தன. எத்தனை அலசியும் வீச்சம் போகவில்லை. பள்ளி மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு தடவை வேலை தருகிறேன், அதுவும் நாறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

வாசலில் உயரமாக ஒரு கல்படி போட்டால் தீரும். கொழுந்தனே கொத்தனார். வெளியாளைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னதும், "நான் என்ன செத்தா போயிட்டேன் அண்ணி?" என்று மார்தட்டினான்.

அவள் நூல் வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. கருங்கல் பளபளவென்று கிடந்தது. கொழுந்தன் கைகழுவிச் சோற்றுக்குக் காத்திருந்தான். அவள் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். தண்ணீர் வீட்டைப் பார்த்து ஓடியது. குதிகாலால் தட்டினாள்; அடியில் வெற்றிடம் இருப்பதுபோலக் கல் பொள்ளென்றது.

கல் தானாக அமுங்கிச் சரியாகிவிடும் என்றான் கொழுந்தன். நம்ம வீட்டுப் பிள்ளை போட்டது, விட்டுவிடேன் என்று இழுத்தான் புருஷன்.

"அது அமுங்குற வரைக்கும் சீருடையை நான் தலையில வச்சுக்கிட்டு நிக்கவா?"

பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி அவளே நெம்பினாள். கல் எழும்பியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடியில் சாக்கடைச் சேறு, பீடித் துண்டுகள், அவள் வெட்டிப் போட்ட துணிக்கழிவு. அதற்குள் புழு நெளிந்தது.

"மேல கல்லு வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது அண்ணி?" என்று சிரித்தான் கொழுந்தன். புழுவையாவது பார்க்க முடிந்தது, அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனான். போகட்டும் என்று விட்டாள்.

உள்தையல் நிற்காத சட்டையை அவள் யாருக்கும் தந்ததில்லை. சேற்றையெல்லாம் அள்ளி, கெட்டி மண் தட்டும்வரை தோண்டினாள். செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கினாள். கல் அறுப்பவரிடம் கொடுத்து, கல்லின் முன்விளிம்புக்கு அடியில் நீளமாக ஒரு காடிப் பள்ளம் வெட்டி வாங்கினாள். மழைநீர் சுவர்ப்பக்கம் ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். புருஷனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, இடைவெளி இல்லாமல் பரப்பிய கலவைமேல் கல்லை இறக்கினாள். தெருப்பக்கம் ஒரு விரல் தாழ்வு. நிலைப்படியோடு சேரும் இடுக்கில் தண்ணீர் புகாத கலவையை அழுத்தி அடைத்து, கலவை இறுகும்வரை நனைத்த சாக்கைப் போட்டுவைத்தாள்.

படி நன்றாயிருக்கிறதே என்று சொன்னவர்களிடமெல்லாம், தம்பி போட்டது என்று பெருமையடித்தான் புருஷன். கொழுந்தனும் இல்லை என்று சொல்லவில்லை. அவள் வாயில் குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். ஆனால் இரண்டு பேர் முகத்தைப் பார்த்தாலும் அந்தச் சேற்று வாடைதான் அடித்தது.

சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை ஏறி வந்து கல்லில் மோதி, வந்த வழியே திரும்பியது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்த கொழுந்தன் படியேறி, உள்ளே வைக்கக் காலைத் தூக்கினான். அவள் தலை நிமிரவில்லை.

"அங்கேயே நில்லுங்க தம்பி. நீங்க போட்ட படிதானே, தாங்கும்."