பாதியில் அணையும் கம்ப்யூட்டர்

எங்க வீட்டுக்காரர் லோகநாதன் ஒரு பொருளை வாங்கினா அதோட பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே மாட்டாரு. ஃப்ரிட்ஜ் கதவுல கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பினது ஓரமெல்லாம் சுருண்டு, அழுக்கேறி, இன்னும் தொங்கிட்டிருக்கு. டிவி ரிமோட் கவருக்குள்ள. சோபாவுல உட்கார்ந்தா வெயில் காலத்துல தொடை ஒட்டிக்கும். "பிரிச்சா கீறல் விழும் ரமா"ம்பாரு. கீறல் விழாம வச்சு யாருக்குக் கொடுக்கப் போறோம்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். தாம்பரம் பக்கத்துல இந்த மாடம்பாக்கத்துக்குக் குடிவந்த நாள்லேர்ந்து இதே பாட்டு.

கிண்டியில ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல இருந்து ரிடையர் ஆனவரு. மனுஷன் கெட்டவர் இல்ல. பிடிவாதம்தான் ஜாஸ்தி. எங்க ஒரே பொண்ணு சின்மயி, கூட வேலை பார்த்த டேனியலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்போ இவரு கத்தல, சண்டை போடல. பேச்சை நிறுத்திட்டாரு, அவ்வளவுதான். அவ என்ன அமெரிக்காவுலயா இருக்கா? இதோ இருக்கிற பொத்தேரியில. தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் போக இவருக்கு மனசு வரல. அவ போன் பண்ணா என் கையில கொடுத்துட்டு பால்கனிக்குப் போயிடுவாரு.

அவதான் வழி கண்டுபிடிச்சா. சின்ன வயசுல அப்பாவும் பொண்ணும் சேர்ந்து லாரி ஓட்டற கம்ப்யூட்டர் கேம் விளையாடுவாங்க. "அப்பாவை அதுல வரச் சொல்லும்மா, மைக் வச்சா பேசிக்கலாம்"னா. இவரு "பேசறதுக்கு இல்ல, கேம் விளையாடத்தான்"னு என்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலைஞ்சு கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமா வாங்கிட்டு வந்து, ஹால்ல பாயை விரிச்சுத் தானே பூட்டினாரு. கடைக்காரன் பூட்டினா ஸ்க்ரூவைச் சரியா முறுக்க மாட்டானாம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் எந்த தேசத்து ரோட்டிலயோ லாரி ஓட்டுவாங்க. "மெதுவா வாங்கப்பா." "நீ முன்னாடி போ." இவ்வளவுதான் பேச்சு. எனக்கு அதுவே போதும்னு சமையலறையில நின்னு கேட்டுட்டிருப்பேன். ஆனா கொஞ்ச நேரத்துல திரை கறுத்துப் போய், கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு தானா எழும். வாரா வாரம் இதே கூத்து.

இவரு முதல்ல கரண்ட் மேல பழி போட்டாரு. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. அப்புறம் பவர் சப்ளையை மாத்தினாரு. மெமரியைக் கழட்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சாரு. கடைசியில திரை ஓரத்துல சூட்டைக் காட்டற நம்பரை வரவச்சுப் பார்த்தா, கேம் ஆரம்பிச்சதும் விறுவிறுன்னு ஏறி, நூறுகிட்ட போய்ப் பொட்டுனு அணையுது. உடனே பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டி, டேபிள் ஃபேனை அதுக்கு நேரா வச்சாரு. எனக்கு இருந்த காத்தும் போச்சு, அதோட சூடும் குறையல.

மறுநாள் சின்மயி எனக்கு போன் பண்ணுவா. "அப்பாவேதாம்மா ஆஃப் பண்றாரு. நான் டேனியல் பேரை எடுத்தாலே கட் ஆகுது." மெஷின் கோளாறுடின்னா நம்ப மாட்டா. "கரெக்டா அந்த நேரத்துலதான் கோளாறு வருமா?" அவ சொல்றதும் நியாயம்தான். அது சூடேற எவ்வளவு நேரமோ, அவளுக்கு தைரியம் வரவும் அவ்வளவு நேரம் ஆகுது. போன வாரம் சொல்லிட்டா: "வர்ற ஞாயித்துக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா, இனிமே நான் கேமுக்கு வரமாட்டேன்மா." இவர்கிட்ட சொல்ல எனக்குப் பயம். 'அப்படியா நினைக்கிறா'ன்னு முறுக்கிக்கிட்டு அதையும் நிறுத்திட்டா?

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி பிரிச்சுப் போட்டு உட்கார்ந்தாரு. சிப்புக்கும் அது மேல உட்கார்ந்து சூட்டை இழுக்கிற கூலருக்கும் நடுவுல தடவற பேஸ்டைப் புதுசா தடவணுமாம். நான் ஸ்கூல் டீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்தின அலுப்போட டார்ச் பிடிச்சுட்டு நின்னேன். கூலரைத் தலைகீழாத் திருப்பி, பழைய பேஸ்டைத் துடைச்சாரு. அடியில பளபளன்னு ஏதோ ஒட்டியிருந்துது, ஓரத்துல நகத்தளவு துருத்திக்கிட்டு.

"ஏங்க, இது என்ன?"

"கம்பெனி ஒட்டின பிளாஸ்டிக். கீறல் விழக் கூடாதுன்னு விட்டு வச்சிருக்கேன்."

எனக்கு வந்துதே கோவம்! "அட கடவுளே! சூட்டை இழுக்க வேண்டிய இடத்துல பிளாஸ்டிக்கை வச்சுக்கிட்டு கரண்ட்டைக் குறை சொன்னீங்களா? தோசைக்கல்லுக்கு உறை போட்டு அடுப்புல வைப்பீங்களா? உள்ள கீறல் விழுந்தா எவன் வந்து பார்க்கப் போறான்?" டார்ச்சைக் கீழ வச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "நீங்க வேணும்னே கட் பண்றீங்கன்னு அந்தப் பொண்ணு நினைச்சுட்டிருக்கா. தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது ரமா"ன்னாரு. அப்புறம் மெதுவா அந்த ஓரத்தைப் பிடிச்சு உரிச்சாரு. உரிச்சதைத் துடைச்சு, மடிச்சு, கூலர் வந்த டப்பாவுல பத்திரமா போட்டு வச்சாரு. திட்ட எனக்குத் தெம்பில்ல.

ஞாயித்துக்கிழமை அந்த நம்பர் அறுபதைத் தாண்டவே இல்ல. வழக்கமா அணையற நேரமும் போயிடுச்சு. நான் பக்கத்துலயே நின்னேன். ஸ்பீக்கர்ல சின்மயி குரல் தயங்கித் தயங்கி வந்துது.

"அப்பா, பொங்கலுக்கு நானும் டேனியலும் வீட்டுக்கு வரலாமா?"

இவரு லாரியை ரோட்டோரம் நிறுத்திட்டாரு. கண்ணு அந்த நம்பர் மேலயே இருந்துது. இப்ப அணைஞ்சுடாதான்னு காத்துட்டிருக்காருன்னு எனக்குப் புரிஞ்சுது. வாங்கடின்னு சொல்ல என் வாய் துடிச்சுது. ஆனா அவ கேட்டது அவரை. முந்தானையை வாயில வச்சு அடக்கிக்கிட்டேன்.

"அப்பா?" கொஞ்சம் பொறுத்து ஒரு பெருமூச்சு. "ஆஃப் ஆயிடுச்சு, டேனி"னு அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னா. நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது.

"ஆஃப் ஆகலம்மா"ன்னாரு இவரு. "இருக்கேன்."

அந்தப் பக்கம் அவ அழறது கேட்டுது.

"ரெண்டு பேரும் ட்ரெயின்லயே வந்துடுங்க"ன்னாரு. "பொங்கல் நேரத்துல பெருங்களத்தூர் டிராஃபிக்ல பஸ் நகராது."