நீலத் தார்பாய் சந்து

வழி சொல்லும்போது பாஞ்சாலியக்கா விரலை நீட்டமாட்டார். கையிலிருக்கும் சாம்பார் கரண்டியைத்தான் நீட்டுவார். எத்தனையோ வருடங்களாகப் பார்க்கிறேன், ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை. கேட்டைத் தாண்டி லெஃப்ட் என்பார். மேம்பாலம் வந்ததும் லிங்கராஜபுரத்து ரயில்வே கேட் போய்விட்டது. அவருக்கு அது இன்னும் கேட்தான். கிணற்றை மூடி செல்போன் கடை வந்த இடம் கிணத்து முனை. எங்கள் ஏரியாவில் எல்லோரும் அப்படித்தான் வழி சொல்வோம்.

மெயின் ரோட்டு முனையில் ஒரு நீலத் தார்பாய்க்குக் கீழே அவருடைய இட்லிக் கடை இருந்தது. போன வருடம் இடத்துக்காரர் அங்கே கட்டடம் எழுப்பவே, கடை எங்கள் சந்துக்கு, என் தையல் மெஷினுக்கு எதிர் அறைக்கு மாறியது. நல்ல ஷீட் கூரை. தார்பாயை மடித்து மூலையில் போட்டுவிட்டார். டென்ட் கொட்டாய்க்குப் பின்னால் வாருங்கள் என்று தமிழிலும் கன்னடத்திலும் எல்லோருக்கும் முன்பே சொல்லியிருந்தார்.

பழைய ஆட்கள் வந்தார்கள். பிஜி ஹாஸ்டல் பெண்களும் கம்பெனிப் பையன்களும் வரவில்லை. அவர்களை நம்பித்தான் கடையே. தினமும் மாவு மிஞ்சியது. கடை நிற்காவிட்டால் மறுபடி அப்பார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கப் போகவேண்டும். அதற்கு மட்டும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே மிஞ்சிய மாவை எங்கள் வீடுகளுக்குக் கொடுத்தார்.

ஒருநாள் பிஜியில் தங்கியிருக்கும் சேலத்துப் பெண் சௌம்யா வியர்த்துப்போய் வந்து நின்றாள்.

"அக்கா, மூணு சந்து சுத்திட்டேன். டென்டே காணோம்."

"அந்த சினிமாவைப் பிரிச்சு அப்பார்ட்மென்ட் கட்டி இருபது வருஷமாச்சேம்மா."

"இல்லாத டென்டுக்கா எங்கள வரச் சொன்னீங்க? கேட்டா, படம் பாக்கப் போறியான்னு சிரிக்கிறாங்க."

பாஞ்சாலியக்காவும் சிரித்துவிட்டார். இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த தார்பாயைப் பார்த்தபடி நின்றார்.

மதியம் அதை என்னிடம் கொண்டுவந்தார். கோணி ஊசியால் கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன். மெயின் ரோட்டிலிருந்தே தெரியும்படி சந்து வாசலில் உயரக் கட்டினார். அறையை வாடகைக்கு விட்ட ரங்கநாதன் வந்து, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார்.

"ஒழுகலண்ணா. டென்ட் எங்கேன்னு கேக்குறாங்க, அதான் போட்டுட்டேன்."

முனைக் கடையில் எல்லோரும் பார்த்துப் பழகிய நீலம். மறுநாளே பையன்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்கள். சீக்கிரமே மாவு மிஞ்சுவது நின்றது.

இப்போது கம்பெனி கேப்கள் அங்கேதான் நிற்கின்றன. டிரைவர்கள் போனில் நீலத் தார்பாய் சந்து என்று வழி சொல்கிறார்கள். பாஞ்சாலியக்கா இரண்டு அடுப்பு எரிக்கிறார். வேறு வேலைக்குப் போகவில்லை.