ஜாக்குத்துரையை மேடையேற்றிய வேலாயுதம்

வேலாயுதம் இறந்துவிட்டார் என்று பாடாங் செராயிலிருந்து அவருடைய மருமகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் குருணில் மகன் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். "காலையில குளிச்சாரு, கோப்பி குடிச்சாரு, நாற்காலியில சாஞ்சாரு. அவ்வளவுதான் லா ஐயா," என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. முழங்கால் வலி, மூச்சிரைப்பு, மூன்று வேளை மாத்திரை என்று நான் கிடக்க, இந்த மனுஷனுக்கு மட்டும் இப்படியொரு சாவு எப்படி வாய்த்தது என்று வயிறு எரிந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்திலிருந்தே எனக்கு அவர்மேல் பொறாமை.

அதற்கு முன்பு எங்கள் ரப்பர் தோட்டத்தில் படக்கதை சொல்கிறவன் நான்தான். நான் சின்னக் கிராணி. ஆபீசில் கணக்கெழுதும் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். மாதம் ஒருமுறை சைக்கிளை மிதித்துச் சுங்கைப் பட்டாணிக்குப் போய் அமெரிக்கப் படம் பார்ப்பேன். ஞாயிறு மத்தியானம் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் ஆட்கள் ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகையில் கூடுவார்கள். பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்வேன். தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு குதிரையில் வரும் ஒரு நடிகர்தான் அவர்களுக்கு உயிர். அவருடைய பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஜாக்குத்துரை என்று வைத்துவிட்டார்கள். வேலாயுதம் மரப்பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டுகிறவர். முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பார். சினிமாக் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளில் தவிர ஜாக்குத்துரையை அவர் எங்கேயும் கண்டதில்லை.

ஜப்பான்காரன் வந்த கொஞ்ச காலத்தில் அமெரிக்கப் படங்கள் நின்றுபோயின. என் சரக்கும் தீர்ந்தது. சொன்னதையே இரண்டாம் முறை சொன்னேன், மூன்றாம் முறை சொன்னேன். ஒரு ஞாயிறு நான் பாதியில் இருக்கும்போதே ஒரு கிழவர் எழுந்து, "இது போன மாசமே வெந்த கிழங்கு கிராணியாரே," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வேலாயுதம் எழுந்து நின்று, "ஜாக்குத்துரை புதுசா ஒரு படத்துல நடிச்சிருக்காரு, சொல்லட்டுமா?" என்றார். எந்தப் படம், எங்கே ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது.

அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. அவர் சொன்ன ஜாக்குத்துரை மரவள்ளிக்கிழங்கு தின்றார், கோணிச்சாக்கில் கால்சட்டை தைத்துப் போட்டார், மலேரியாவில் குளிரெடுத்து நடுங்கிக்கொண்டே குதிரையேறினார். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சொல்லி அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும், "அமெரிக்காவுல ஏது மரவள்ளி?" என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்னா வலிக்குது?" என்றாள். எனக்கு வலித்தது.

ஒருமுறை நான் சொன்ன படமொன்றையும் தன் கதையில் கலந்துவிட்டார். அவரைத் தனியே பிடித்து, அதில் வரும் பெரிய விருந்தை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். கேட்டதைக்கூடச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லையே என்று குத்திக்காட்டத்தான் கேட்டேன். "பசிச்ச சனத்துக்கு முன்னாடி விருந்தைப் பத்திப் பேசக்கூடாது கிராணியாரே, பாவம்," என்றார். கோழி, ரொட்டி, பழம் என்று அந்த விருந்தை நான் மூன்று முறை விரிவாகச் சொல்லியிருந்தேன்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் லயத்திலிருந்து பதினேழு பேர் போயிருந்தார்கள். அஞ்சலை என்ற பெண்ணின் புருஷனும் அதில் ஒருவன். கைக்குழந்தையோடு அவள் ஒரு ஞாயிறும் தவறாமல் கதை கேட்க வருவாள். அவன் கடைசிவரை திரும்பவில்லை. அது அப்போது யாருக்கும் தெரியாது. வேலாயுதத்தின் ஜாக்குத்துரை அந்த நாட்களில் எங்கேயோ தூரதேசத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு குறுக்கே வந்தது, காய்ச்சல் வந்தது, துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் தப்பித்து வீட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

நான் பார்த்த கடைசிப் படம் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதில் ஜாக்குத்துரை குண்டடிபட்டு ஆற்றங்கரையில் செத்துப்போகிறார். ஆட்கள் இருக்கும் நிலைமையில் அதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு, கூட்டம் கொட்டகைக்கு வெளியே வெயிலிலும் நிற்பதைக் கண்டபோது என் புத்தி கெட்டது. வேலாயுதம் கதையில் ஜாக்குத்துரை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். நான் எழுந்துவிட்டேன். "பொய்! அந்த ஆத்தங்கரையிலதான் அவன் செத்தான். நான் காசு கொடுத்து, கண்ணால பார்த்தவன். இந்த ஆள் சினிமாக் கொட்டகைக்குள்ள காலே வச்சதில்ல," என்று கத்தினேன்.

நான் வேலாயுதத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு நொடி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கிராணியாரு சொல்றது நெசம். செத்தாரு. ஆனா அது படம்தானே? படத்துல செத்த ஆளு என்னா செய்வாரு? எழுந்திரிப்பாரு, மூஞ்சியில பூசின சாயத்தைக் கழுவுவாரு, சம்பளம் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவாரு. இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிறது ஜாக்குத்துரைக்கே அலுத்துப்போச்சு. இனிமே படமே வேணாம், சனத்துக்கு முன்னாடி உசுரோட நின்னு நடிக்கிறேன்னு நாடக மேடைக்கு வந்துட்டாரு. அந்தக் கதைக்குத்தான் நான் வந்துகிட்டு இருந்தேன். கிராணியாரு அவசரப்பட்டுட்டாரு," என்றார். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜப்பான்காரன் போகும்வரை ஜாக்குத்துரை மேடையில்தான் நடித்தார். ராஜாவாக வந்தார், பிச்சைக்காரனாக வந்தார், ஒருதடவை பெண் வேஷமும் கட்டினார். ஒரு நாடகத்திலும் சாகவில்லை.

மறுநாள் அவருடைய கிழங்குக் கொல்லைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக அவருடைய பிள்ளைகளிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் போனது வேறொன்றுக்கு. முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்திருந்தாலும் எனக்கு அந்தப் பதில் வந்திருக்காது. "எப்படிய்யா அந்த நிமிஷத்துல உனக்கு அது தோணுச்சு?" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"எனக்கு என்னா தோணுச்சுன்னே தெரியல கிராணியாரே. நீங்க செத்துட்டான்னு சொன்னதும் அஞ்சலை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிச்சுட்டா. அவளை உட்கார வைக்கணும்லா, வாயில வந்ததைச் சொன்னேன். உங்க பக்கத்துலதானே இருந்தா, நீங்க பார்க்கலியா?"

நான் பார்க்கவில்லை. அவள் எழுந்தபோது குழந்தையின் கால்கூட என்மேல் பட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர் முகம் எப்போது சுண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் பத்திரிகைகளில் நிறைய எழுதினேன், மேடைகளில் பேசினேன், மாலையும் வாங்கினேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது "நீங்க பார்க்கலியா?" என்ற அந்த ஒரு கேள்விதான். அதை அவர் என்னைக் குத்துவதற்காகக் கேட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். நான் பார்த்திருப்பேன் என்று நம்பிக் கேட்டார். அப்படி நம்பிக் கேட்க முடிந்ததற்காகத்தான் வேலாயுதம், இன்றைக்கும் உங்கள்மேல் எனக்குப் பொறாமை.