வளையல் குலுக்கியவள்

கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நிறைமாதக் கர்ப்பிணி. ஒடுங்கிய முகம், தூக்கம் இல்லாத கண்கள், இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல்கள். மடியில் சிறுமகள். அடிக்கடி மகளின் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வளையல்களைக் குலுக்குவாள். குழந்தை திரும்பாமல் திராட்சைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆய்வகத்துக்காக நான் பழ ஈக்களை அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்து, “இந்த ஈயை எதுக்குக்கா பிடிச்சுட்டுப் போறீக?” என்று கேட்டாள்.

எனக்கு ஈ என்றால் பேச்சு நிற்காது. பழ ஈக்கு உணர்கொம்புதான் காது. ஆண் ஈ இறக்கையை அதிர்த்துப் பாட, பெண் ஈ அதைக் கேட்கும் என்றேன். பிறவியிலேயே காது கேட்காத ஈக்களை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மரபணு பழுது என்று தேடுகிறோம் என்றும் சொன்னேன்.

“அதுகளுக்கு எப்படி வந்துச்சு?”

“தாய், தகப்பன் ரெண்டு பேருகிட்டயும் அந்தப் பழுது வெளிய தெரியாம இருக்கும். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து வந்தா, பிறக்கிற ஈக்குக் கேக்காது. ஒரே குடும்பத்து ஈக்களைச் சேர்த்தா அப்படி அதிகம் வரும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன். அப்ப வயித்துல இருக்கிறதுக்கும் கேக்காதாக்கா?”

“எல்லாப் பிள்ளைக்கும் வராதும்மா.”

“இதுக்கு வராதுன்னு சொல்லுங்க.”

நான் குழாயைப் பைக்குள் வைத்தேன்.

சின்னமனூரில் இறங்கினாள். பேருந்து நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். வளையல் கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக் குலுக்கிவிட்டு, உள்ளே அசைகிறதா என்று தலை குனிந்து நின்றாள். மறுபடியும் குலுக்கினாள், இன்னும் பலமாக.