செவ்வாயிலும் ஒரு காலனி

செய்தி வந்தபோது நான் டவுன் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். சிம்மக்கல் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் சரக்கு லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் தெருவே நின்றுபோயிருந்தது. கைப்பேசியில் செங்கோளனுடைய மனைவியின் குரல். "அண்ணே, அவுக போயிட்டாக" என்றார். பிறகு அழுகைதான் கேட்டது. இறங்க வேண்டும் என்று நடத்துனரிடம் சொன்னேன். "எங்கிட்டு இறங்குவீக? கால் வைக்க எடமிருக்கா? சும்மா நில்லுங்கண்ணே" என்றார் அவர். யாரோ ஒருவருடைய காய்கறிப் பை முழங்காலில் இடித்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே அழுதேன்.

எழுத்தாளர் செங்கோளனை உங்களில் சிலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாது. செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியேறி வாழ்வதைப் பற்றி மட்டுமே கதை எழுதியவர் அவர். அப்படி ஒருவரைத் தமிழில் எத்தனை பேர் தேடிப் படிக்கப்போகிறார்கள்? சிம்மக்கல்லில் ஒரு மொத்த வெங்காயக் கடைக்கு மேல்மாடியில் நான் சின்னதாக ஒரு பதிப்பகமும் காலாண்டிதழும் நடத்துகிறேன். அவருடைய கதைகள் வந்தது எங்கள் இதழில்தான். முதல் கதையிலேயே அச்சுப்பிழை. 'செங்கோலன்' என்று வந்துவிட்டது. ராஜா ராணிக் கதை என்று நம்பிப் படித்து ஏமாந்த வாசகர் ஒருவர் மாடியேறி வந்து என்னிடம் சண்டை போட்டார். செங்கோளன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய இயற்பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் அவர் வரைவாளராக இருந்தார். வாய்க்கால், மடை, ஷட்டர் என்று வரைபடம் போடும் வேலை. செவ்வாய்க் குடியேற்றங்களை உலகத்துக் கதைகள் எப்படியெல்லாம் கற்பனை செய்கின்றன என்று நான் எங்கள் இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மலை அளவுக் கண்ணாடிக் கூடாரம், உள்ளே மரங்கள், குழந்தைகள், கூடாரத்துக்கு வெளியே நீல நிறத்தில் அந்தி. எனக்கு அதெல்லாம் சின்ன வயதிலிருந்தே பித்து. அதைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை அவர் மாடியேறி வந்தார். ஒல்லியான உருவம், இன் பண்ணிய சட்டை, காதில் செருகிய பென்சில்.

"அண்ணே, நீங்கதான இத எழுதுனது? கூடாரம் நல்லாத்தான் இருக்கு. புழுதி படியுமே, அத வெளிய போயித் தொடைக்கிறது யாரு?"

"எந்திரம் தொடைக்கும்" என்றேன்.

"எந்திரம் ரிப்பேரானா?"

"இன்னொரு எந்திரம் வந்து பாக்கும்."

"அம்புட்டு எந்திரத்தையும் எந்தத் தெருவுல நிப்பாட்டுவீக?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்தவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அவரோ என் மேசையில் கிடந்த பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்துவிட்டார். ஒரு பெரிய குழாய், அதிலிருந்து கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் ஒரு மடை. "அங்க காத்து குழாய்லதான வரும்? அப்ப அதுவும் தண்ணி மாதிரித்தான். தலைமடைக்காரன் எடுத்தது போகத்தான் கடைமடைக்கு. கடைசி வீடு யாருக்குன்னு கதையில சொல்லணும்லண்ணே" என்றார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருவரும் கீழே இறங்கி டீ குடித்தோம். வெங்காயச் சருகு காலில் ஒட்ட, நின்றுகொண்டே செவ்வாயைப் பற்றிப் பேசினோம்.

டீ குடித்து முடிக்கும்போது என் சொந்த ஊரைக் கேட்டார். வாடிப்பட்டிக்கு மேற்கே உள்ள என் ஊரையும் வீட்டையும் சொன்னேன். எங்களுடையது தலைமுறை தலைமுறையாக வயல் வைத்திருக்கும் குடும்பம். அந்தப் பக்கத்து ஆளுக்கு எங்கள் வீட்டைச் சொன்னாலே இது விளங்கிவிடும். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்படிங்களா சார்" என்றார். அதுவரை அண்ணே என்றவர். டீக்கடைக்காரர் அவருக்கு மாப்ள, கம்போஸ் செய்யும் பையன் மாப்ள, லோடு இறக்குபவர் அண்ணே. நான் மட்டும் அன்றிலிருந்து சார். எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்தேன். "விடுங்க சார், வாய் பழகிருச்சு" என்று சிரிப்பார். அவரும் என் ஊர்க்காரர்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரியும். நான் பிறந்தது ஊரில். அவர் பிறந்தது, ஊரிலிருந்து ஒரு வாய்க்காலைத் தாண்டி இருக்கும் காலனியில்.

ஒருமுறை நண்பர்கள் சிலர் சேர்ந்து கீழக்குயில்குடி மலைக்குப் போனோம். சமணத் துறவிகள் கல்லில் வெட்டிய படுக்கைகளைப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றில் நீட்டிப் படுத்தார். செவ்வாயில் முதலில் போகிறவர்கள் இப்படிக் குகையில்தான் இருப்பார்கள், கண்ணாடிக் கூடாரமெல்லாம் பிறகுதான் என்றார். மேலே பாறையைப் பார்த்தபடி, "ஒண்ணே ஒண்ணு சார். இவுக எந்திரிச்சு வெளிய போகலாம். அதனாலதான் உள்ள படுக்க முடிஞ்சது" என்றார். சொன்னதும் அவசரமாக எழுந்து வெயிலுக்கு வந்துவிட்டார். அவருக்கு மூடிய இடம் ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இல்லையென்றால் அடுத்த பஸ்.

அப்படிப்பட்டவர் வாழ்ந்த வீட்டைச் சொன்னால் உங்களுக்கு மனம் கனக்கும். மதுரையின் மேற்கே ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரர் கேட்டபோது 'வாடிப்பட்டிப் பக்கம்' என்றதோடு நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் மனைவி வாசலிலேயே காதோடு சொல்லிவிடுவார். "நம்ம காலனியில" என்று யாராவது வாய் தவறி ஆரம்பித்தால் டிவி சத்தம் கூடும். மகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே இது பழகிவிட்டது. "காத்து வெளிய போயிரக் கூடாதுன்னு சீல் வச்ச கூடாரம் சார் எங்க வீடு. ஒரு வார்த்தை கசிஞ்சா அம்புட்டுதான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் என் ஊரை நினைத்துத் தலைகுனிந்திருந்தேன்.

வார்த்தை கசிந்தது. கசியவிட்டவர் அவரேதான்.

செவ்வாய்க் கதைகளைப் பற்றி ஓர் அரங்கில் கூட்டம் போட்டிருந்தோம். பேச வந்த பேராசிரியர் நல்ல மனிதர், ஆசையாகப் பேசினார். ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, "செவ்வாயில் காலனிகள் வரும். அன்பர்களே, நம் பிள்ளைகள் காலனியில் வாழப்போகிறார்கள். காலனியில் பிறப்பது பெருமை என்று ஆகும் காலம் வரும்" என்றார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஒருவர் மட்டும் அடக்க மாட்டாமல் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோளன் எழுந்து நின்று கைகூப்பி, "மன்னிச்சிருங்கய்யா. நான் காலனியிலதான் பெறந்தேன். அதுக்கு அம்புட்டுத் தொலைவு போக வேணாம், வாடிப்பட்டி பஸ் ஏறுனாப் போதும்" என்றார். பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். அது தெருத் தெருவாகச் சுற்றி வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "மகனுக்குக் கல்யாணம் பேசிருக்கு சார், வீடு வேணும்" என்றார், அவ்வளவுதான். கல்யாணமும் நடக்கவில்லை, மகனும் வரவில்லை. வேறு யாரோ குடிவந்தார்கள். அந்த ஆளை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செங்கோளன் அதற்குப் பிறகு வீடு தேடிய இடங்களிலெல்லாம் ஊர்ப் பெயருக்கு அடுத்த கேள்வி, "ஊருக்குள்ளயா, காலனியா?" கடைசியில் பணி ஓய்வோடு சொந்தக் காலனிக்கே திரும்பினார். வாய்க்காலின் கடைமடையில், சின்னதாக இரண்டு அறை.

அங்கேதான் அவர் தன் ஒரே நாவலை எழுதி முடித்தார். தலைப்பு 'காலனி'. செவ்வாயில் ஒரு குடியிருப்பு. காற்று பெரிய குழாயில் வந்து கிளை கிளையாகப் பிரிகிறது. கடைசிக் கிளையில் இருப்பவர்கள்தான் காற்று எந்திரங்களைப் பழுது பார்க்கிறார்கள். கதையில் கெட்டவர்கள் யாருமே இல்லை. இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு கதவு. அது மேல்பகுதியிலிருந்துதான் திறக்கும். போகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. தட்டினால், 'இன்றைக்கு வேண்டாமே' என்று மட்டும் பணிவாகச் சொல்வார்கள். படித்துவிட்டு என்னால் அறைக்குள் உட்கார முடியவில்லை, மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கண்ணாடிக் கூடாரங்கள்மீது எனக்கிருந்த பித்து அன்றோடு தெளிந்தது.

இந்தப் புத்தகத்தில் தன் சொந்தப் பெயர் வர வேண்டும் என்று அவர் விரும்பினார். செங்கோளன் என்பதும் ஒரு மூடிதானே என்றார். "அட்டையில எம்பேரு இருக்கணும் சார். முழுசா இருக்கணும்." வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. ராயல்டியைக்கூடக் கேட்டதில்லை. நானும் அட்டையை அப்படியே வடிவமைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு அவரைக் குழாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். குழாய் எட்டும் தூரம்தான் நடமாட்டம். கரண்ட் போனால் முகம் வெளுத்துவிடும். "நான் எழுதுன கதைக்குள்ளயே என்னையப் பிடிச்சுப் போட்டாச்சு, பாத்தீகளா" என்றார். அட்டையை வாங்கி, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், மகளிடம் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று.

மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். வாடகை வீடு. அங்கும் அதே கேள்வி, அதே மழுப்பல். அப்போதே போன் போட்டார்கள், மகள் ஸ்பீக்கரில் பேசியது எனக்கும் கேட்டது. "அப்பா, எம்பேருக்குப் பின்னாடி ஒங்க பேருதானப்பா இருக்கு. நெட்டுல தேடுனா அடுத்த நிமிசம் வந்துரும். என்னால இன்னொரு வீடு தேட முடியாதுப்பா." குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. செங்கோளன் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாதாடினேன். அவர் மூச்சு வாங்கக் காத்திருந்து சொன்னார்: "அவ கேக்குறது நியாயம் சார். குடும்பத்துல ஒரு ஆளாவது வெளிய இருக்கணும்ல." அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்தன்று ஊர்த் தெரு வழியாகக் கொண்டுபோக விட மாட்டார்கள் என்பதால் வாய்க்கால் கரையோடு தூக்கிப் போனார்கள். சேற்றில் கால் வழுக்கியது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அந்தப் பாதையில் நடந்தது அன்றுதான் முதல் முறை. கரையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு மாடி தெரிகிறது. அவ்வளவு பக்கம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் புத்தகத்தை அச்சிட்டு, அன்று எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் 'காலனி', அதன் கீழே 'செங்கோளன்'. மகளிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். "இப்பவும் வேணாம் அங்கிள். அப்பாவப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க. பேரு மட்டும் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் பெயரும் ஊரும் எங்கே வேண்டுமானாலும் வரலாம், எனக்கு எந்தக் கதவும் அடைபடாது. இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பெண் அட்டையைப் புரட்டி முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு என் சட்டைப்பையைக் காட்டிப் பேனா கேட்டார். புதுப் புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் நாம் எல்லோரும் நம் பெயரை எழுதி வைப்போம் இல்லையா, அப்படித்தான் எழுதினார். முதலில் தன் பெயர். அடுத்து, இனிஷியலாகச் சுருக்காமல், ஓர் எழுத்தும் விடாமல், அப்பாவின் பெயர். மை காயும்வரை ஊதிவிட்டு மூடி, பையில் வைத்துக்கொண்டு சென்னைப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

போய் வாருங்கள், செங்கோளன். ஒரு பிரதியில் உங்கள் பெயர் இருக்கிறது, முழுசாக.